இலகுரகப் போர்விமானங்களும் விமானந்தாங்கிக் கப்பல்களும்: போக்லாந்துப் போர் தரும் படிப்பினை

சிறிய கப்பலுக்குச் சிறிய விமானமே ஏற்றது என்பது எவரும் எளிதில் ஒப்பக்கூடிய கூற்றாகும். பாரிய விமானந்தாங்கிக் கப்பல்களைக் கட்டுதற்கு வசதியற்ற நாடுகள் சில இதனை நம்பியே தம் கடற்படைகளை அமைத்தன. அந்நம்பிக்கை எத்துணை பொருத்தமுடையது என்பதை, 1982ஆம் ஆண்டு பிரித்தானியாவும் ஆர்ஜென்ரீனாவும் தென் அத்திலாந்திக்கிற் பொருத போக்லாந்துப் போரைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆர்ஜென்ரீனாவின் ஒரே விமானந்தாங்கிக் கப்பலான 'வெயின்ரிசிங்கோ டி மாயோ' இரண்டாம் உலகப் போர்க் காலத்திற் பிரித்தானியாவிற் கட்டப்பட்டது; பின்னர் ஒல்லாந்தரிடம் இருந்து 1968இல் ஆர்ஜென்ரீனாவின் கைக்கு வந்தது. அதில் அமெரிக்கத் தயாரிப்பான 'ஸ்கைஹோக்' தாக்குதல் விமானங்கள் இருந்தன. அமெரிக்கக் கடற்படை 30,000 இறாத்தல் எடைவரை அனுமதித்திருந்தும், வடிவமைப்பாளர் எட் ஹைன்மன் அதில் ஏறத்தாழப் பாதியளவு எடையிலேயே இவ்விமானத்தை உருவாக்கினார். சிறகுகளின் முழு நீளம் இருபத்தேழரை அடியே ஆதலால், அவற்றை மடிக்க வேண்டிய தேவையும் எழவில்லை. கப்பலுக்கென்றே பிறந்த இலகுரக விமானம் இதுவெனலாம்.

எனினும், குறுகிய தளத்திலிருந்து விமானம் எழுவதற்கு மூன்று வேகங்கள் ஒன்றுசேர வேண்டும்: நீராவிப் பொறி விமானத்தைக் கவண்கல் போல் உந்தும் வேகம், கப்பலின் வேகம், எதிர்க்காற்றின் வேகம். 1982 மே 2ஆம் திகதி அதிகாலையிற் பிரித்தானியக் கப்பல்களைத் தாக்க ஸ்கைஹோக் விமானங்கள் ஆயத்தமாயின. ஓயாது காற்று வீசும் அக்கடலில் அன்று காற்று அடங்கிவிட்டது. முதிர்ந்த கப்பலின் வேகம் அக்குறையை ஈடுசெய்யப் போதவில்லை. போதிய குண்டுகளோடும் எரிபொருளோடும் விமானங்கள் எழ இயலாமையால் தாக்குதல் கைவிடப்பட்டது. அன்று மாலை 'ஜெனரல் பெல்கிரானோ' நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டு 323 பேர் மாண்டனர். அதன்பின் விமானந்தாங்கிக் கப்பல் கரையோர நீருக்குப் பின்வாங்கியது. அதன் விமானங்கள் தரைத்தளத்திலிருந்தே போரிட்டன.

மறுபுறத்திற் பிரித்தானியரின் 'சீ ஹரியர்' வேறு வழியை மேற்கொண்டது. பொறியின் உந்துவிசையைக் கீழ்நோக்கித் திருப்பும் ஆற்றல் அதற்கிருந்தது. தளத்தின் முன்முனையில் அமைந்த சரிவுமேடையால் மேலெழுந்து, செங்குத்தாகவே வந்திறங்கியது. உந்துபொறியும் தடுப்பு வடமும் தேவைப்படவில்லை. 'ஹேமிஸ்', 'இன்வின்சிபிள்' ஆகிய கப்பல்களிலிருந்து எழுந்த இவ்விமானங்களில் ஒன்றுகூட வான்சமரில் வீழ்த்தப்படவில்லை.

ஆயினும், இவ்வெற்றியும் விலையின்றிக் கிட்டவில்லை. சீ ஹரியர் காவற்பறப்பில் நின்று நிலைக்கும் நேரம் குறைவு. தொலைவிலேயே பகைவரைக் கண்டறியும் பெரிய ராடார் விமானங்களை அச்சிறிய கப்பல்கள் சுமக்கவில்லை. மே 4ஆம் திகதி தாழப் பறந்து வந்த விமானங்கள் ஏவிய ஏவுகணை 'ஷெஃபீல்ட்' கப்பலைத் தாக்கி 20 பேரைப் பலிகொண்டமைக்கு இக்குறைபாடும் ஒரு காரணமாகும்.

முடிவாக நோக்குமிடத்து, இலகுரக விமானம் கப்பலுக்கு ஏற்றதா என்ற வினாவை விமானத்தை மாத்திரம் நிறுத்துப் பார்த்து விடுக்க இயலாது என்பது புலனாகும். தளம், உந்துபொறி, கப்பலின் வேகம், காற்று என்பனவும் அத்தராசில் ஏற வேண்டியவையே. சிறந்த விமானத்தைக் கொண்டிருந்த ஆர்ஜென்ரீனக் கப்பல், காற்று ஓய்ந்த ஒரு காலையிற் செயலற்று நின்றமை இதற்குத் தக்க சான்றாகும்.