உப்பளக் கரையிலிருந்து சாந்தோம் பேராலயம் வரை

நம் பங்கின் ஜூபிலி விழாவுக்கான ஆயத்தக் கூட்டங்கள் நடந்தபோது, எல்லாரும் ஒருமனப்பட்டுப் பேசிய காரியங்கள் பல உண்டு. ஒருமனப்படாமல் பேசிய காரியம் ஒன்றே ஒன்று. நம் பழைய கோயிலை என்ன செய்வது என்பதே அது. "சுவரெல்லாம் உவர் ஏறிப்போயிற்று, இடித்துவிட்டு, வானளாவிய கூர்கோபுரத்தோடு புதுக்கோயில் கட்டுவோம்" என்றனர் இளைஞர். "நம் பாட்டன் பூட்டன் ஞானஸ்நானம் பெற்ற கோயில், கை வைக்காதீர்கள்" என்றனர் பெரியவர். மூன்று கூட்டங்கள் நடந்தும் முடிவு ஏற்படவில்லை. கடைசியில் பங்குத்தந்தை அவர்கள், "கூர்கோபுரம், கூர்கோபுரம் என்கிறீர்களே, அப்படிப்பட்ட கோயில் ஒன்றை முதலில் நேரில் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று சொல்லிப் பேச்சை முடித்தார். அதன் விளைவே இக்கட்டுரை.

மழை தொடங்கி, உப்பளங்களில் வேலை ஓய்ந்திருந்த கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், விடியுமுன் ஒரு பேருந்தில் சென்னைக்குப் புறப்பட்டோம். உப்பளத் தொழிலாளர், மீனவர், ஆசிரியர், மாதர் சங்கத்தார், சிறுவர் என்று எல்லாரும் இருந்தோம். உண்மையைச் சொன்னால், புறப்படும்போது நாங்கள் யாத்திரிகர்கள் அல்லர், சுற்றுலாப் பயணிகளே. புளிசாதப் பொட்டலமும் கைப்பேசிக் காமிராவும் எல்லார் கையிலும் இருந்தன. செபமாலை சிலர் கையில்தான் இருந்தது.

பேராலயம் என்பது எது?

கோபுரம் உயர்ந்த கோயிலெல்லாம் பேராலயம் ஆகிவிடாது. ஒரு மறைமாவட்டத்தின் ஆயருக்குரிய இருக்கை எந்த ஆலயத்தில் இருக்கிறதோ, அதுவே பேராலயம். நம் புதுவை-கடலூர் உயர் மறைமாவட்டத்தின் பேராலயம், புதுச்சேரியில் மக்கள் சம்பாக் கோயில் என்று அழைக்கும் அமலோற்பவ அன்னை ஆலயம். முந்திய கோயில் 1761-ல் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்ட பின்னர், 1791-ல் கட்டி முடிக்கப்பட்டது அது. ஆயினும் அது கோதிக் பாணியில் அமைந்ததன்று. அதே ஊரில் ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள இருதய ஆண்டவர் ஆலயம் கோதிக் பாணியில் அமைந்தது. 1907-ல் அங்கே முதற்பலி நிறைவேற்றப்பட்டது. 2011-ல் பசிலிக்காவாகவும் உயர்த்தப்பட்டது. ஆனால் அது பேராலயமன்று. கோதிக் பாணியும் பேராலயம் என்னும் சிறப்பும் ஒன்றாகச் சேர்ந்து, நம் கடற்கரைச் சாலையிலேயே காணக் கிடைப்பது மயிலையில் உள்ள சாந்தோம் பேராலயம்தான்.

கோதிக் பாணி பிரான்சு நாட்டில், பாரீசுக்கு அருகே செயிண்ட் டெனி மடத்துக் கோயிலில், சுசேர் என்னும் மடாதிபதியின் காலத்தில், 1140-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவெடுத்தது என்பர். வளைவுகளின் நுனி கூர்மையாக இருக்கும். கூரையின் பாரத்தை விலாவெலும்பு போன்ற வளைவுகள் தாங்கித் தூண்களுக்கும், வெளியே முட்டுக் கொடுத்து நிற்கும் உதைசுவர்களுக்கும் அனுப்பிவிடும். சுவர் பாரம் தாங்க வேண்டியதில்லை என்பதால், அதில் பெரிய பெரிய சன்னல்களைத் திறந்து வண்ணக் கண்ணாடி பதித்தார்கள். குளிர்காலத்தில் சூரியனைக் காண ஏங்கும் நாட்டில், ஒளியை உள்ளே அழைத்துவரக் கண்ட உபாயம் அது. பாரீசின் நோத்ர தாம் பேராலயம் 1163-ல் இம்முறையிலேயே தொடங்கப்பட்டது. 2019 ஏப்ரல் 15-ல் அதன் கூரை தீப்பற்றி எரிந்ததையும், 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டதையும் நம்மில் பலர் தொலைக்காட்சியில் கண்டோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்பாணிக்கு ஐரோப்பாவில் புத்துயிர் உண்டாயிற்று. அந்த அலைதான் நம் சோழமண்டலக் கரையையும் வந்து தொட்டது.

உப்புப் படகு சென்ற வழி

மரக்காணத்துக்கும் மயிலைக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் நம் ஊரே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். கடற்கரைப் பட்டினங்கள் ஒன்றோடொன்று கொண்டும் கொடுத்தும் வாழ்ந்தவை. பிற்காலத்தில் அந்த உறவை வளர்த்தது பக்கிங்காம் கால்வாய். 1806-ல் சென்னைக்கு வடக்கே வெட்டத் தொடங்கிய இக்கால்வாய் சிறிது சிறிதாக நீண்டு, தெற்கே நம் மரக்காணத்தில் வந்து முடிந்தது. 1876 முதல் 1878 வரை நிலவிய தாதுவருடப் பஞ்சத்தின்போது, பசித்த மக்களுக்குக் கூலி கொடுத்து, அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதியை வெட்டினார்கள். அன்றைய ஆளுநரான பக்கிங்காம் கோமகனின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. வெட்டியவர்களின் பெயர் ஒன்றும் எழுதப்படவில்லை.

அந்தக் கால்வாய் வழியே நம் உப்பும் விறகும் படகேறிச் சென்னைக்குப் போயின. அது மயிலையின் மேற்புறமாகவே செல்கிறது. 1893-க்குப் பிறகு அவ்வழியே சென்ற நம் ஊர்ப் படகோட்டி எவராவது, கடற்கரைப் பக்கம் ஒரு கோபுரம் நாளுக்கு நாள் எழும்புவதைக் கண்டு வியந்திருக்கக் கூடும் என்று பேருந்தில் பேசிக்கொண்டே போனோம். இன்று அக்கால்வாயில் சரக்குப் படகு இல்லை. நம் பயணமோ கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே மாமல்லபுரம் கடந்து சில மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

கல்லறையும் கோயிலும்

புனித தோமையார் கி.பி. 52-ல் இந்தியா வந்தார் என்பதும், கி.பி. 72-ல் பரங்கிமலையில் வேதசாட்சியாக மரித்து மயிலையில் அடக்கம் செய்யப்பட்டார் என்பதும் நம் திருச்சபையின் பழைமையான மரபு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த வெனிசு நகர மார்க்கோ போலோ, இக்கல்லறையைப் பற்றியும், காய்ச்சல் தீர வேண்டி மக்கள் இங்கிருந்து மண் எடுத்துச் செல்வதைப் பற்றியும் குறித்து வைத்துள்ளார். திருத்தூதரின் எலும்புகளில் பெரும்பகுதி பண்டே எதேசா நகருக்கும், பின்னர் கியோஸ் தீவுக்கும், 1258-ல் இத்தாலியின் ஒர்த்தோனாவுக்கும் சென்றன. கல்லறையோ இங்கே தங்கிற்று.

1523-ல் போர்த்துக்கேயர் கல்லறையை அகழ்ந்து பார்த்து, அவ்விடத்தில் கோயில் எழுப்பினார்கள். 1545-ல் புனித சவேரியார் மயிலைக்கு வந்து சில மாதங்கள் தங்கிச் செபித்தார். 1606-ல் பாப்பரசர் ஐந்தாம் சின்னப்பர் மயிலையைத் தனி மறைமாவட்டமாக்கினார். அன்றுமுதல் அது பேராலயம்.

இப்போது நாம் காணும் ஆலயம் அந்தக் கோயிலன்று. ஆயர் ஹென்ரிக் ஜோசே ரீட் ட சில்வா ஆண்டகையின் காலத்தில், 1893-ல் பழைய கோயிலை இடித்துவிட்டு இதைக் கட்டத் தொடங்கினார்கள். கேப்டன் ஜே. ஏ. பவர் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் திட்டம் வகுத்தார். 1896 ஏப்ரல் 1-ஆம் நாள் அபிஷேகம் நடந்தது. முகப்பு மணிக்கோபுரத்தின் உயரம் 155 அடி. கல்லறை இருக்கும் இடத்துக்கு நேர் மேலே இன்னொரு சிறு கோபுரம் எழுந்து நிற்கிறது. 1952-ல் சென்னை, மயிலை மறைமாவட்டங்கள் ஒன்றாயின. 1956-ல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் இதைப் பசிலிக்காவாக உயர்த்தினார். 1986 பிப்ரவரி 5-ல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் இங்கே வந்து செபித்தார்.

நாங்கள் கண்டது

வெளியே நின்று கோபுரத்தைப் படம் பிடிப்பதிலேயே முதல் அரைமணி நேரம் போயிற்று. நம் இளைஞர் முழுக் கோபுரமும் படத்தில் அடங்கவில்லை என்று சாலையின் மறுபக்கம் வரை பின்வாங்கிப் போனார்கள். பிறகு உள்ளே சென்றோம்.

உள்ளே போனதும் எங்கள் கூட்டத்தில் பேச்சு நின்றது. அதைவிட எங்களைத் தொட்டது வேறொன்று. நாற்பது ஆண்டுகளாக உப்பு வாரும் தாயார் ஒருவர் எங்களோடு வந்திருந்தார். வெள்ளை உப்பின்மேல் வெயில் பட்டுத் தெறிக்கும் கூச்சத்தில் வருந்திய கண்கள் அவருடையவை. பகலில் எப்போதும் முந்தானையை நெற்றிக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டே நடப்பார். பீடத்துக்குப் பின்னே, உயிர்த்த ஆண்டவரின் காயத்தைத் தோமையார் தொடும் காட்சி வண்ணக் கண்ணாடியில் ஒளிர்கிறது. அதன் எதிரே அமர்ந்து, முந்தானையை விலக்கிவிட்டு, வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "கண்ணு கூசாத வெளிச்சம்பா இது" என்று மட்டும் சொன்னார். வெயிலுக்கு ஏங்கிய நாட்டார் ஒளியை உள்ளே அழைக்கக் கண்ட கண்ணாடி, வெயிலில் வாடிய நம்மவருக்கு ஒளியைத் தணித்துத் தருகிறது என்பதை எந்தப் புத்தகமும் எங்களுக்குச் சொல்லவில்லை, அவர்தான் சொன்னார்.

கல்லறைச் சிற்றாலயத்துக்கு ஆலயத்தின் பின்புறமாகத் தனி வாயில் உண்டு. படியிறங்கி அங்கே முழந்தாளிட்டபோது, காலையில் சுற்றுலாப் பயணிகளாகப் புறப்பட்டவர்கள் யாத்திரிகர்களாகி இருந்தோம். மயிலை மாதாவின் பழைமையான சுரூபத்தையும் தரிசித்தோம்.

வெளியே வந்ததும் அந்தத் தாயாரே உபதேசியாரிடம் கேட்டார்: "ஏன் உபதேசியாரே, போர்த்துக்கேயர் கட்டின அந்தப் பழைய கோயிலு எங்கே?"

"அதை இடிச்சிட்டுத்தானே அம்மா இதைக் கட்டினாங்க."

"முன்னூறு வருசத்துக்கு மேல சனங்க கும்பிட்ட சுவராச்சே!"

யாரும் பேசவில்லை. இளைஞர் தரப்பில் ஒருவர் சற்றுப் பொறுத்து, "இடித்தார்கள், ஆனால் கல்லறையையும் மாதாவையும் விட்டுவிடவில்லையே" என்றார். அதுவும் நியாயமாகவே பட்டது. கல்லறை புதிய ஆலயத்தின் நடுவே அமையும்படி அல்லவா திட்டமிட்டிருக்கிறார்கள்! அதற்காகவே இரண்டாவது கோபுரம் எழுந்தது. இரு தரப்புக்கும் சாந்தோம் பதில் வைத்திருந்தது.

உவர் ஏறிய சுவர்

திரும்பும் வழியில்தான் உண்மையான கூட்டம் நடந்தது. அளத்தில் பாத்தி கட்டுவதில் கைதேர்ந்த பெரியவர் ஒருவர் எழுந்து நின்று, நம் கோயிற்சுவரின் நோயை விளக்கினார். "பாத்தியில் என்ன நடக்குது? தண்ணி வத்துது, உப்பு நிக்குது. சுவத்துலயும் அதேதான். தரையிலேருந்து உவர்த்தண்ணி ஏறுது. வெளிப்புறம் வத்துது. உப்பு பூக்குது, காரை பொரியுது. பத்து வருசத்துக்கு முந்தி நாம அதுமேல சிமிட்டி பூசினோம். சிமிட்டி தண்ணிய வெளிய விடல. உள்ளேயே உப்பு கட்டி, செங்கல்லையே தின்னுது. சுண்ணாம்புக் காரைன்னா சுவர் மூச்சு விடும். உப்பு காரையோட உதிரும், செங்கல் பிழைக்கும்." அவர் பள்ளி இறுதி வகுப்பும் படித்தவரல்லர். ஆயினும் உப்பு எங்கே நிற்கும், எப்படி நிற்கும் என்பதை அவரைவிட அறிந்தவர் எங்களில் இல்லை.

அடுத்த ஞாயிறு பங்குப்பேரவை கூடியது. எண்ணிக்கை பெருகிவிட்டதால் கோயிலை விரிவாக்குவது என்றும், பழைய பீடமும் நடுமண்டபமும் இடிக்கப்படாமல் புதிய ஆலயத்தின் நடுவே நிற்கவேண்டும் என்றும், சிமிட்டிப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் காரை பூசுவது என்றும் தீர்மானம் நிறைவேறியது. கூர்கோபுரம் இப்போதைக்கு வேண்டாம் என்று முன்மொழிந்தவர், சாலையின் மறுபக்கம் வரை பின்வாங்கிப் படம் பிடித்த இளைஞர்களில் ஒருவரே. அதற்கு வைத்த பணத்தில் மேற்குப்பக்கச் சன்னல்களுக்கு வண்ணக் கண்ணாடி போடவேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார். காரணம் கேட்டதற்கு, மாலையில் அளத்து வேலை முடித்து நேரே செபமாலைக்கு வரும் தாய்மாரின் கண்களுக்கு அது நல்லது என்றார்.

உப்பாகவும் ஒளியாகவும் இருக்க நற்செய்தி நம்மை அழைக்கிறது. உப்பு விளையும் கரையில் வாழும் நமக்கு அது தொழிலும் ஆகும், வாழ்வும் ஆகும். இந்த ஜூபிலி ஆண்டில் நம் பழைய சுவர்கள் மீண்டும் மூச்சு விடட்டும். அவற்றின் நடுவே நின்று செபித்த முன்னோரை நம் பிள்ளைகளும் மறவாதிருக்கட்டும் என்று இறைவனை வேண்டி இக்கட்டுரையை நிறைவு செய்கிறோம்.