சுண்ணாம்புச் சாந்தும் பட்டாளத்துக் கைகளும்

ஜொகூர் பாரு அப்படியொன்றும் பழைய ஊர் அல்ல. 1855-இல் தெமெங்கோங் இப்ராஹிம் உருவாக்கிய தஞ்சோங் புத்ரிக்கு 1866-இல்தான் இந்தப் பெயர் வந்தது. அதற்கு முன்பே, கடலுக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் நம் முன்னோர் காலூன்றிவிட்டார்கள். 1826-இல் அன்சார் சாஹிப் தலைமையில் சூலியாக்கள் தொடங்கியது ஜாமிஆ பள்ளி. 1827-இல் கூரைக் குடிசையாகத் தொடங்கிய அல்-அப்ராரை இன்றும் பெரியவர்கள் ‘குச்சுப் பள்ளி’ என்றுதான் சொல்வார்கள். அதே தெலுக் ஆயர் சாலையில் 1828 முதல் 1830 வரை நாகூர் தர்கா எழுந்தது.

இவற்றைத் தொடங்கியவர்களைப் பற்றி நம் விழா மலர்களில் நிறையவே எழுதியாகிவிட்டது. சுவரைப் பூசிய கைகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

அந்தக் கைகளைப் பற்றிய குறிப்பு ஒரு பட்டாளத்து அதிகாரியிடமிருந்தே கிடைக்கிறது. சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை வடிவமைத்தவர் மதராஸ் பீரங்கிப் படையைச் சேர்ந்த ரொனால்ட் மெக்ஃபர்சன். 1856-இல் அடிக்கல் நாட்டினார்கள். வேலை செய்தவர்கள் இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட கைதிகள். அவருக்குப் பின் பொறுப்பேற்ற மெக்நேரும் அதே படைக்காரர். 1899-இல் வெளிவந்த தம் புத்தகத்தில் ‘மதராஸ் சுண்ணாம்பு’ செய்முறையை அவர் எழுதி வைத்தார். மணல் சேர்க்காத சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, நாட்டுச் சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர். காய்ந்தபின் வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்துச் சாந்து அரைத்த ஊர்க்காரர்களுக்கு இது புதிய வித்தையா என்ன! கைதிகளிடமிருந்து கற்றதை அதிகாரி எழுதினார். அதனால் அவர் பெயர் நின்றது.

நான் கட்டுமானப் பொருள் வியாபாரி. பாலிடெக்னிக்கில் சிமெண்டைப் பற்றி ஒரு முழுப் பருவம் படித்தோம். சுண்ணாம்புக்கு அரைப் பக்கம்தான். ஆனால் பழைய செங்கல் சுவருக்கு அந்த அரைப் பக்கம்தான் தேவைப்படுகிறது. பழைய செங்கல் மென்மையானது, மண்ணின் ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும், உப்புப் பூக்கும், சில ஆண்டுகளில் செங்கல் பொடிப்பொடியாக உதிரும். பூச்சு மட்டும் ஓடு போலக் கெட்டியாக நிற்கும்.

எங்கள் கடைக்குச் சுண்ணாம்பு கேட்டு வருபவர்கள் மிகக் குறைவு. அவர்களில் ஒருவர் மலேசிய இராணுவப் பொறியியல் படைப்பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர். மூன்றே வேலையாட்களை வைத்துப் பழைய கடைவீடுகளைச் செப்பனிடுகிறார். சுவரைத் தொடுவதற்கு முன் கூரை, பீலி, சாக்கடை மூன்றையும் பார்ப்பார். “தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் கொத்துக்கரண்டியைத் தொடக்கூடாது” என்பார். பட்டாளத்தில் பாலம் கட்டிய பழக்கம் அது. விலைப்புள்ளியில் பெரிய குத்தகையாளர்களிடம் அவர் அடிக்கடி தோற்றுப்போகிறார். சிமெண்ட் பூச்சு விரைவில் முடியும். சுண்ணாம்பைப் படலம் படலமாகப் பூசி, ஒவ்வொன்றும் காயக் காத்திருக்க வேண்டும். நாள் கூடினால் கூலியும் கூடும். அவருக்குப் பின் அந்த வேலையைக் கற்க யாரும் வரவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

சட்டம் காப்பாற்றிவிடும் என்று இருந்துவிட முடியாது. மேலே சொன்ன மூன்று கட்டடங்களும் 1974-இல் ஒரே நாளில் தேசியச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. அப்படியிருந்தும் நாகூர் தர்கா பழுதாகி மூடிக் கிடந்து, சீரமைக்கப்பட்டு, 2011-இல்தான் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகத் திறந்தது. நம் நாட்டிலும் தேசிய மரபுடைமைச் சட்டம் 2005 இருக்கிறது. ஆனால் அரசிதழில் ஏறாத ஒரு கடைவீட்டுக்கு அதன் உரிமையாளரே காவல்.

ஜொகூரில் நம் பாட்டன்மார் தொழில் நடத்திய கடைகளும், சுராவுக்கென்று விட்டுச்சென்ற இடங்களும் இன்னும் சில இருக்கின்றன. பொன்விழா ஆண்டில் அவற்றுக்குப் புது வர்ணம் அடிக்க வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். அடிக்கலாம். அதற்கு முன் சங்க நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். காக்கி லீமாவிலிருந்து கூரை வரை படம் எடுங்கள். பழைய பூச்சில் உள்ளங்கையளவு பெயர்த்து, தேதி எழுதி ஒரு டப்பாவில் வையுங்கள். அந்தச் சாந்தில் எவ்வளவு மணல், எவ்வளவு சுண்ணாம்பு என்று பார்த்துச் சொல்ல அந்தப் பட்டாளத்துக்காரர் இன்னும் இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். கூடவே நம் பிள்ளைகளில் இரண்டு பேரை அனுப்புங்கள்.