உறங்கும் விழியின் ஓட்டம்

பல்லி விழுந்தால் ஒரு பலன். காகம் கரைந்தால் ஒரு பலன். கனவு கண்டாலோ, எந்தச் சாமத்தில் கண்டது என்று கணக்குப் பார்த்து, இத்தனை மாதத்தில் பலிக்கும் என்று நாள் குறித்துத் தரப் பஞ்சாங்கம் காத்திருக்கிறது! பல் விழக் கனவு கண்ட தாய், தேர்வெழுதப் புறப்பட்ட மகளை வாசலிலேயே தடுக்கிறாள்.

இந்த அச்சம் நம் நாட்டின் தனிச்சொத்தன்று. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ஆர்ட்டெமிடோரஸ் என்பான் கிரேக்க மொழியில் கனவுப் பலனை ஐந்து ஏடுகளாக எழுதிக் குவித்தான். அவனுக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகட்கு முன்பே, கனவு பலிப்பது பெரும்பாலும் தற்செயல் என்று அரிஸ்டாட்டில் சொல்லியிருந்தான். உலகம் எவனைப் பிடித்துக்கொண்டது என்று சொல்லவும் வேண்டுமோ!

செர்மனியின் யேனா நகர மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் கதையோ வேடிக்கையானது. இளமையில், படைப்பயிற்சியின்போது, குதிரையிலிருந்து விழுந்து உயிர் தப்பினார். அன்றே, தொலைவிலிருந்த உடன்பிறந்தாள் அவருக்கு ஏதோ இடர் என்று அஞ்சியதால், வீட்டிலிருந்து தந்தி வந்தது! மனம் மனத்தோடு பேசுகிறது என்று நம்பி மூளையை ஆராயப் புகுந்தார். தேடியது கிட்டவில்லை, கிட்டியது மூளையின் மின் அலை. 1924இல் பதிவு செய்தார், 1929இல் வெளியிட்டார். அவர் நம்பிக்கையை நான் ஏளனம் செய்யேன். நம்பியதைக் கருவியின் முன் நிறுத்தினாரே, எந்தச் சோதிடன் அதற்குத் துணிந்தான்?

அந்த அலையைப் பதியும் பழங்கருவியொன்று சிகாகோ பல்கலைக்கழகத்தில் கேட்பாரற்றுக் கிடந்தது. உறக்க ஆராய்ச்சியாளர் நதானியல் கிளைட்மனின் மாணவர், வறுமையில் உழன்ற யூஜீன் அசெரின்ஸ்கி, அதைச் செப்பனிட்டார். 1951 டிசம்பரில் ஓரிரவு, தம் எட்டு வயது மகனையே கருவியோடு பிணைத்து உறங்க வைத்தார். அடங்கிக் கிடந்த எழுதுமுனைகள், நள்ளிரவு கடந்து, திடீரெனத் துள்ளின. சிறுவன் விழித்துக்கொண்டான் என்றெண்ணி அறைக்குள் சென்றார். மூடிய இமை, ஆழ்ந்த துயில், இமைக்குள்ளோ விழிகளின் ஓட்டம்!

கருவிக் கோளாறோ என்ற ஐயம் பிறந்தது. ஓரிரவுப் பதிவுக்கு அரை மைல் நீளத் தாள் தேவைப்பட்டது; அதற்கஞ்சாமல் மீண்டும் மீண்டும் பதிந்தார். ஆசிரியர் கிளைட்மனும், மாணவன் சொல்லை அப்படியே ஏற்காமல், தம் மகளை உறங்க வைத்துத் தம் கண்ணால் பார்த்தார். விழி ஓடும் வேளையில் 27 முறை எழுப்பிக் கேட்டதில், 20 முறை விரிவான கனவு வெளிவந்தது. ஓடாத வேளையில் 23 முறை எழுப்பியதில், 19 முறை எதுவுமே நினைவில்லை. 1953இல் ‘சயன்ஸ்’ இதழ் இதை வெளியிட்டது.

ஓரிரவில் இந்த நிலை நான்கைந்து முறை வரும். அப்போது கை கால் தசைகள் தளர்ந்து கிடக்க, மூளையோ விழித்திருப்பது போல இயங்கும். இதைப் பூனைகளிடம் கண்ட பிரெஞ்சு நாட்டு மிஷேல் ஷூவே, ‘முரண் உறக்கம்’ என்று பெயரிட்டார். அரசனுக்கும் ஆண்டிக்கும், பக்தனுக்கும் பகுத்தறிவாளனுக்கும், இரவுதோறும் வரும் இந்த உடற்செயலுக்குள் தெய்வம் எந்தச் சந்தில் நுழைந்து செய்தி சொல்லுமாம்?

சிகாகோ விடையும் வேதமாக்கப்படவில்லை. அதே பல்கலைக்கழகத்தில் பயின்ற டேவிட் ஃபோக்ஸ், “கனவு கண்டாயா?” என்று கேட்பதை விடுத்து, “மனத்தில் என்ன ஓடியது?” என்று கேட்டார். விழி அசையா உறக்கத்திலிருந்து எழுந்தோரும் எண்ணங்களைச் சொன்னார்கள், கனவுகளையும் சொன்னார்கள். விழி ஓடினால்தான் கனவு என்ற கணக்கு, 1962இல் அவர் கட்டுரையால் ஆட்டம் கண்டது.