கப்பற்பதிவேட்டில் ஊர்ப்பெயர்



1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள், சென்னையிலிருந்து சென்ற ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. அதில் இருந்தோர் 342 பேர். நெட்டால் நாட்டிற்குச் சென்ற ஒப்பந்தக் கூலிகளின் முதற்குழுவினர் அவர்களே. 1911-ஆம் ஆண்டிற்குள் அவ்வாறு சென்றோர் தொகை 1,52,000-ஐக் கடந்தது.

அவர்தம் வழித்தோன்றல்களிற் பலர் இன்று தமிழ் பேச அறியார். ஆயினும் மூதாதையர் மண்ணைக் காண விழைந்து வருகின்றனர். அவர்க்குக் கைவிளக்காவது கப்பற்பதிவேடு. அதில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அதனருகே பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர் ஆகியன இருக்கும். இன்று காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள எங்கள் உத்திரமேரூர்ப் பகுதியை, அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்தின்கீழ்த் தேடவேண்டும்.

ஆனால் எழுத்தர்கள் காதில் விழுந்தவாறு ஆங்கில எழுத்தில் எழுதினர். ல, ள, ழ ஆகிய மூன்றும் ஒன்றாயின. ன, ண வேறுபாடு மறைந்தது. எங்கள் ஊர் காவாந்தண்டலம். தண்டலம் என்னும் பெயருடைய ஊர்கள் இப்பக்கத்தில் வேறும் உண்டு. முன்பாதி சிதைந்து ‘தண்டலம்’ மட்டும் ஏட்டில் நின்றால், தேடி வருபவர் எவ்வூரில் இறங்குவார்? சிதைந்த பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, ஏரி, ஆறு, குலதெய்வம் ஆகியவற்றோடு பொருத்தி, உண்மை ஊரைக் காணத் தமிழறிவே வேண்டும்.

உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டுகள் 919, 921-ஆம் ஆண்டுகளில் பராந்தக சோழன் காலத்தில் பொறிக்கப்பட்டவை. கூலியாகச் சென்ற எளியவருக்கு அத்தகைய கல்வெட்டு இல்லை. ஏட்டின் ஒரு வரியே உண்டு. வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் நான் உங்களை வேண்டுவது இதுவே: உங்கள் ஊர், ஏரி, தெரு ஆகியவற்றின் பெயர்களை முதியோரிடம் கேட்டு, பிழையின்றித் தமிழில் எழுதி வையுங்கள். கடல் கடந்து வருவோர்க்கு அது வழிகாட்டும்.