கந்தோர் வந்த வழி

ஆம்ஸ்டர்டாமில் வேலைக்குக் கிளம்புகிறவர் 'கான்டோர்' போவதாகச் சொல்வார். அலுவலகத்துக்கு அங்கே அன்றாடம் வழங்கும் பெயர் அது. யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் வாயில் அதுவே 'கந்தோர்'. தபாற்கந்தோர் என்று சொல்லிப் பழகிய நாவுக்கு அது தமிழ்ச்சொல்தான்.

ஆனால் டச்சுக்கும் இது இரவல். பிரெஞ்சில் 'கோம்த்வார்' என்றால் காசு எண்ணும் மேசை. அதற்கும் மூலம், கணக்கிடுதலைக் குறிக்கும் லத்தீன் வினை 'கொம்புத்தாரே'. அதன் பின்பாதியான 'புத்தாரே'க்குப் பழம்பொருள் கிளை கழித்தல். கொடியையும் மரத்தையும் சீராக்கிய சொல் பிறகு கணக்கைச் சீராக்கவும் வந்தது. உழவனின் அரிவாள் கணக்கனின் ஏட்டுக்கு இடம் மாறிய இந்தக் கட்டம்தான் என்னை மிகவும் ஈர்க்கிறது.

டச்சுக்காரர்கள் கடைசி அசையை அழுத்தியதில் முதல் அசையின் 'ஒ' மெலிந்து 'அ' ஆனது. பொருளும் நகர்ந்தது. முதலில் மேசை, பிறகு மேசை கிடந்த அறை, பிறகு அறையில் நடந்த நிர்வாகம். பதினேழாம் நூற்றாண்டில் இழுப்பறைகள் கொண்ட எழுத்துப் பெட்டகத்துக்கும் இதே பெயர் இருந்தது. பிரெஞ்சு 'பீரோ'வின் கதையும் இதுதான்: எழுதும் மேசையில் விரித்த முரட்டுத் துணி, மேசை, அலுவலகம். நிர்வாகம் என்பதே ஒரு மேசையைச் சுற்றி வளர்ந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1602இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, தன் வணிக நிலையங்களையும் 'கான்டோர்' என்றே அழைத்தது. இந்தோனேசியாவில் தபால் நிலையம் இன்றும் 'கான்டோர் போஸ்'. ரஷ்ய மொழியில் அலுவலகம் 'கன்தோரா'. 1656இல் கொழும்பும் 1658இல் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் எனப்பட்ட டச்சுக்காரர் வசமாயின. நொத்தாரிசு, கக்கூசு ஆகிய டச்சுச் சொற்களோடு கந்தோரும் தமிழில் தங்கிவிட்டது. 1796க்குள் ஆட்சி ஆங்கிலேயர் கைக்குப் போயும் சொல் நிலைத்தது.

டச்சு 'ட'கரம் பல்லோடு ஒட்டி ஒலிப்பது. அதனால் தமிழ்ச்செவி அதைத் தகரமாகவே வாங்கியது. அதே மேசை ஆங்கிலத்தின் வழி வந்தபோது நமக்குக் 'கவுண்டர்' ஆயிற்று; அதே லத்தீன் வினையில் பிறந்ததே கம்ப்யூட்டரும். தபாற்கந்தோரின் கவுண்டருக்குப் பின்னால் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கும் ஊழியரைச் சுற்றி இருப்பவை மூன்றும் ஒரே குடும்பம். இவற்றில் முதலில் நம்மிடம் வந்தது கந்தோர்தான். அகராதிகளில் அதை 'வழக்கொழிந்தது' என்று ஒதுக்காமல், அதன் வம்சத்தோடு பதிய வேண்டும்.