பவேரியாவின் பாகப்பிரிவினைகள்: 1255 முதல் 1506 வரை

பவேரியாவை 1180 முதல் ஆண்டுவந்த வித்தெல்ஸ்பாக் குடும்பம் 1255-இல் முதன்முறையாக நாட்டைப் பங்கு போட்டுக்கொண்டது. அண்ணன் லுட்விக்குக்கு மேல் பவேரியாவும் ரைன் பலட்டினேட்டும், தம்பி ஹைன்ரிக்குக்குக் கீழ் பவேரியாவும் போயின. அடுத்த இரண்டரை நூற்றாண்டுகள் இந்தக் குடும்பம் பிரிவதும் சேர்வதுமாகவே இருந்தது. இதை அரசியல் அறியாமை என்று ஒதுக்கிவிடுவது தவறு. ஆட்சி அவர்களுக்குக் குடும்பச் சொத்து; பிறந்த ஆண்மக்கள் எல்லாருக்கும் அதில் உரிமை உண்டு. பங்காளிகள் தனித்தனியே ஆண்டாலும், ஒரு கிளை ஆண் வாரிசின்றி அற்றுப்போனால் அதன் பங்கு மற்றக் கிளைக்கே திரும்ப வேண்டும் என்பது ஏற்பாடு. 1340-இல் கீழ் பவேரியக் கிளை முடிந்தபோது அப்படியே நடந்தது.

மேல் பவேரியக் கிளையைச் சேர்ந்த பேரரசர் லுட்விக் 1347-இல் இறந்தபோது ஆறு ஆண்மக்கள் இருந்தார்கள். பவேரியாவோடு பிராண்டன்பர்க், டிரோல், ஹாலந்து ஆகியவையும் அவர்கள் கைக்கு வந்தன. 1349-இல் நாட்டை மேல் பாகம், கீழ் பாகம் என மும்மூவராகப் பிரித்துக்கொண்டார்கள். 1353-இல் கீழ் பாகம் மீண்டும் உடைந்து ஸ்ட்ராவுபிங் கிளை தனியானது. 1363-இல் டிரோல் ஹாப்ஸ்பர்க் குடும்பத்துக்குப் போனது. 1373-இல் பிராண்டன்பர்க் பேரரசர் நான்காம் கார்லின் கைக்கு மாறியது. தேர்வுரிமைச் சிற்றரசர்களின் நாடுகளைப் பிரிக்கக் கூடாது என்று 1356-இன் பொற்சாசனம் விதித்திருந்தது. ஆனால் பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் அந்த வாக்குரிமை, இதற்குள் தனியே பிரிந்துவிட்ட பலட்டினேட் கிளைக்கே கிடைத்ததால் அந்த விதி பவேரியாவைத் தொடவில்லை. 1392-இல் மூன்று சகோதரர்கள் நாட்டை இங்கோல்ஸ்டாட், லாண்ட்ஸ்ஹூட், மியூனிக் என வகுத்தார்கள். வளம் மிக்க லாண்ட்ஸ்ஹூட் ஒருவருக்கே விழுந்தது. பிற்காலப் பகையின் வேர் அதுதான் என்பது என் கருத்து.

பங்கை எப்படிக் கணக்கிடுவது என்பதே தீராத வழக்கானது. ஸ்ட்ராவுபிங் கிளையின் கடைசிக் கோமகன் 1425-இல் இறந்தபோது, கிளைவாரியாகவா ஆள்வாரியாகவா என்ற கேள்வி எழுந்தது. 1429-இல் மன்னர் சிகிஸ்முண்ட் ஆள்கணக்கை ஏற்று நான்காகப் பிரித்தார். மியூனிக்கில் சகோதரர் இருவர் இருந்ததால் அக்கிளைக்குப் பாதி கிடைத்தது. இங்கோல்ஸ்டாட்டின் ஏழாம் லுட்விக்கோ சொந்த மகனாலேயே சிறைப்பிடிக்கப்பட்டு, கடைசியில் லாண்ட்ஸ்ஹூட் பங்காளியின் காவலில், 1447-இல் பர்க்ஹவுசனில் இறந்தார். அவருடைய நாடும் அந்தப் பங்காளிக்கே போனது.

முடிவை நெருக்கியது ஓர் உயில். 1503-இல் இறந்த லாண்ட்ஸ்ஹூட் கோமகன் கெயோர்க்குக்கு ஆண் வாரிசு இல்லை. குடும்ப ஒப்பந்தத்தை மீறி, மகள் எலிசபெத்துக்கும் மருமகன் ருப்ரெக்டுக்கும் நாட்டை எழுதிவைத்தார். மியூனிக்கின் நான்காம் ஆல்பிரெக்ட் எதிர்த்தார். 1504-இல் போர் மூண்டு ஊர்கள் எரிந்தன. அந்த ஆண்டே மகளும் மருமகனும் மாண்டார்கள். 1505-இல் மன்னர் மாக்ஸிமிலியன் அளித்த தீர்ப்பு ஆல்பிரெக்டுக்குப் பெரும்பங்கைத் தந்தது. அனாதையான பேரப்பிள்ளைகளுக்காக நொய்பர்க் தனி நாடானது. குஃப்ஸ்டைன், கிட்ஸ்பூயல், ராட்டன்பர்க் மூன்றையும் மாக்ஸிமிலியன் தமக்கே வைத்துக்கொண்டார்.

1506-இல் ஆல்பிரெக்ட், தம்பி வொல்ப்காங்கின் சம்மதத்தோடும் நாட்டவையின் ஒப்புதலோடும் மூத்தமகன் உரிமைச் சட்டத்தை இயற்றினார். இனி நாடு பிரியாது. இளையவர்களுக்கு கவுண்ட் பட்டமும் ஆண்டு மானியமும் மட்டுமே. ஆல்பிரெக்ட் தாமே மூத்தவர் அல்லர். சகோதரர்களோடு நெடுங்காலம் போராடித் தனியாட்சி பெற்றவர். அந்த அனுபவம் இல்லாமல் இச்சட்டத்தை விளங்கிக்கொள்ள முடியாது.

முதல் சோதனையிலேயே சட்டம் வளைந்தது. 1508-இல் ஆல்பிரெக்ட் இறந்தபின், தான் சட்டத்துக்கு முன்பே பிறந்தவன் என்று இளைய மகன் லுட்விக் உரிமை கோரினார். தாய் குனிகுண்டேயும் நாட்டவையும் துணை நிற்க, 1514-இல் அண்ணன் வில்ஹெல்ம் ஆட்சியைப் பகிர்ந்துகொள்ள நேர்ந்தது. 1545-இல் லுட்விக் மணமாகாமல் இறந்ததால்தான் நாடு மறுபடியும் ஒருவர் கைக்கு வந்தது. பல சகோதரர் இருந்தும் மூத்தவரே முழுவதையும் அடைந்தது 1579-இல், ஐந்தாம் வில்ஹெல்ம் காலத்தில். அவருடைய தம்பி எர்ன்ஸ்ட் திருச்சபைக்குள் அனுப்பப்பட்டு, 1583-இல் கொலோன் பேராயரானார்.