கைப்பேசிவழி வீட்டு உடற்பயிற்சி (ஜொகூர்)

பயிற்சிக்கூடத்துக்கோ தனிப் பயிற்றுநரிடமோ போகாமல், கைப்பேசியிலுள்ள செயலி, காணொளி, உணரி ஆகியவற்றின் துணையோடு வீட்டிலேயே உடலைப் பழக்கும் முறை. நேரம் சொல்வது, எண்ணிக்கை வைப்பது, நினைவூட்டுவது, அசைவைப் பார்த்துத் திருத்துவது ஆகியவை பயிற்றுநரின் வேலைகள். இவற்றில் முதல் மூன்றையும் கைப்பேசி நன்றாகவே செய்கிறது; நான்காவதில் இன்னும் தடுமாறுகிறது. தீபகற்ப மலேசியாவின் தென்கோடி மாநிலமான ஜொகூரில் இம்முறை பயன்படுவதற்கு அம்மாநில வாழ்க்கையோடு ஒட்டிய காரணங்கள் உண்டு.

பின்னணி

ஜொகூர் பாரு, ஸ்கூடாய், மாசாய் வட்டாரங்களிலிருந்து பெருந்திரளானோர் நாள்தோறும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருகிறார்கள். அங்கே செல்ல 1924இல் திறக்கப்பட்ட கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். நெரிசல் நேரத்தில் அந்தத் தூரத்தைக் கடக்க ஒரு மணி நேரமும் ஆகிவிடும். விடியுமுன் மோட்டார் சைக்கிளை எடுத்து, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவருக்குப் பயிற்சிக்கூடத்தின் மாதச் சந்தா வீண்செலவு. உறங்கப் போகுமுன் கிடைக்கும் இருபது நிமிடத்தில் ஹாலில் செய்ய முடிந்ததுதான் அவருடைய பயிற்சி.

வெளியே ஓட நினைப்பவருக்குப் புகைமூட்டம் ஒரு தடை. 2013 ஜூன் 23 அன்று மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746ஐத் தொட்டது. மூவார், லேடாங் மாவட்டங்களில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. ஆண்டிறுதியில் வடகிழக்குப் பருவமழையும் வெள்ளமும் சேர்ந்துகொள்ளும்.

2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது இந்தத் தடைகளெல்லாம் சிறியவையாகிவிட்டன. பயிற்சிக்கூடங்கள் மூடப்பட்டன. திடல்களில் காலை வேளையில் கூட்டமாக ஆடும் செனாம்ரோபிக் நின்றது. மே மாதத் தொடக்கம் வரை வெளியில் மெதுவோட்டத்துக்குக்கூட அனுமதியில்லை. 2021 ஜனவரி 13 முதல் ஜொகூர் மீண்டும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. புருணையில் பிறந்த ஆஸ்திரேலியரான குளோயி திங்கின் காணொளிகள் உலகெங்கும் வீட்டுக் கூடங்களில் ஓடிய காலம் அது. மலேசியரான ஜோவானா சோ அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே யூடியூபில் பயிற்சி நடத்தி வந்தவர்.

தேவை

மலேசியச் சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வின்படி, பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு, எல்லா இனங்களிலும் மிக அதிகம். போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள் 2019இல் நால்வரில் ஒருவர். 2023 ஆய்வில் அது 29.9 விழுக்காடாக ஏறியது. பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை சுமந்தும் உழைத்த தலைமுறையின் பிள்ளைகள் இன்று நாற்காலியிலும் இயந்திரத்தின் முன்னாலும் நாளைக் கழிக்கிறார்கள். சாப்பாடு மட்டும் அதே சாப்பாடு. ஆகவே தமிழ்க் குடும்பங்களில் வீட்டு உடற்பயிற்சியைப் பற்றிப் பேசும்போது வயிற்றில் மடிப்பு விழுவதைவிட இரத்தத்தில் சர்க்கரை இறங்குவதே முதலில் வரவேண்டிய பேச்சு. உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி, பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பையும், குறைந்தது இரண்டு நாள் தசைகளை வலுவாக்கும் பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. நடப்பவர்கள் பலரும் இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். வீட்டுப் பயிற்சி நிரப்பக்கூடிய இடம் அதுதான்.

இயங்கும் முறை

கைப்பேசிக்குள் உள்ள முடுக்கமானி உடலின் குலுங்கலை உணர்ந்து காலடிகளை எண்ணுகிறது. நாளுக்கு 10,000 அடி என்ற பரவலான இலக்கு மருத்துவ ஆய்விலிருந்து பிறந்ததன்று. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிமானியின் பெயரிலிருந்து வந்தது.

அசைவைக் கண்காணிப்பது கேமராவின் வேலை. கூகுள் 2020இல் வெளியிட்ட பிளேஸ்போஸ் என்ற மென்பொருள், படத்தில் தெரியும் உடலில் தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால், கணுக்கால் என 33 புள்ளிகளைக் கண்டறிகிறது. இப்படிப்பட்ட மென்பொருளைக் கொண்டு பஸ்கியை எண்ணுவது எளிது: இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றையும் இணைக்கும் கோணம் குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்து, கால் மீண்டும் நிமிர்ந்தால் ஓர் எண்ணிக்கை. தண்டாலுக்கு முழங்கைக் கோணம். வீட்டில் இதைச் செய்யும்போது கைப்பேசியைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து, தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், இரண்டு மீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் வைத்தால் உடல் முழுவதும் தெரியும். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் உடல் நிழலாகிப் புள்ளிகள் தாவும். தொளதொளப்பான கைலி கட்டியிருந்தால் முழங்கால் எங்கே என்று மென்பொருளுக்குத் தெரியாது. முதுகுத்தண்டு வளைந்திருப்பதையோ, வலியால் முகம் சுளிப்பதையோ இந்தப் புள்ளிகள் சரியாகச் சொல்வதில்லை. நல்ல பயிற்றுநர் முதலில் பார்ப்பது அவற்றைத்தான்.

சிறிய வீட்டுக்குப் பொருந்தும் பயிற்சி வரிசைகளில் புகழ்பெற்றது, பிரெட் கிளிக்கா, கிறிஸ் ஜோர்டன் இருவரும் 2013இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் இதழில் எழுதியது. சுவர், நாற்காலி, சொந்த உடல் எடை ஆகியவற்றை மட்டும் கொண்டு 12 பயிற்சிகள். ஒவ்வொன்றும் 30 விநாடி, இடையில் 10 விநாடி ஓய்வு. ‘ஏழு நிமிடப் பயிற்சி’ என்ற பெயரில் எண்ணற்ற செயலிகளாக அது மாறியது. மூலக் கட்டுரை அந்தச் சுற்றை இரண்டு மூன்று முறை செய்யலாம் என்றும் சொன்னது. செயலிகள் பலவற்றில் அந்தக் குறிப்பு காணாமல் போயிற்று. அடுக்குமாடியில் இரவு பத்து மணிக்குக் குதிக்கும் பயிற்சியைச் செய்தால் கீழ்வீட்டார் கதவைத் தட்டுவார்கள். அதற்குப் பதில் நின்ற இடத்தில் வேகமாக நடந்தாலும் மூச்சு வாங்கும்.

பயனும் வரம்பும்

28 ஆய்வுகளைத் தொகுத்து பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழ் 2021இல் வெளியிட்ட கட்டுரையின்படி, செயலிகளும் நடைக்கணிப்பான்களும் நாளுக்குச் சராசரியாக 1,850 அடிகளைக் கூட்டின. குறுஞ்செய்தி நினைவூட்டலும் ஆளுக்கேற்ற மாற்றமும் சேர்ந்தபோது பலன் கூடுதல். உடலை அசைக்கச் சொல்லித் தொடர்ந்து நச்சரிப்பதே கைப்பேசியின் பெரிய பலம் என்று இதிலிருந்து கொள்ளலாம்.

பாடம் நடத்துவதில் அதை முழுக்க நம்ப முடியாது. 2015இல் 30 இலவசப் பயிற்சிச் செயலிகளை ஆராய்ந்த ஃபிரான்சுவா மோதாவ் குழு, மேற்சொன்ன மருத்துவக் கல்லூரியின் வழிகாட்டு விதிகளில் பாதிக்கு மேல் நிறைவேற்றியது ஒரே ஒரு செயலிதான் என்று கண்டது. கலோரிக் கணக்கும் அப்படியே. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2017இல் சோதித்த ஏழு மணிக்கட்டுக் கருவிகளில் ஆறு இதயத் துடிப்பை ஓரளவு சரியாகச் சொன்னன; கலோரியிலோ மிகச் சிறந்ததுகூட 27 விழுக்காடு பிழைபட்டது. அந்த எண்ணை நம்பி இன்னொரு ரொட்டி சானாய் சாப்பிட வேண்டாம்.

நீரிழிவு உள்ளவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். இன்சுலின் போடுபவர்களுக்கும் கிளிக்லசைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் பயிற்சியின்போது சர்க்கரை சட்டென இறங்கலாம். தொடங்குமுன் அளந்துகொள்வதும் அருகில் இனிப்பு பானம் வைப்பதும் நல்லது. பாத உணர்ச்சி குறைந்தவர்கள் வீட்டுக்குள்ளும் காலணி போட்டே செய்ய வேண்டும். நெஞ்சு இறுக்கம், தலைச்சுற்றல் வந்தால் செயலி எத்தனை விநாடி மீதம் காட்டினாலும் நிறுத்திவிட வேண்டும்.

மொழியும் செலவும்

தமிழில் குரல்கொடுத்து நடத்தும் செயலிகள் குறைவு. வயதானவர்கள் ஆங்கிலக் குரலைப் புரிந்துகொள்ளாமல் திரையையே பார்த்துக்கொண்டிருப்பதால் கழுத்து வளைகிறது. இடைவெளிக் கடிகாரச் செயலிகள் சிலவற்றில் பயிற்சிப் பெயரை நாமே எழுதலாம். பேரப்பிள்ளைகள் ‘பஸ்கி’, ‘சுவரில் தண்டால்’, ‘ஓய்வு’ என்று எழுதிக் கொடுத்தால் எழுத்துப் படிக்கத் தெரிந்த தாத்தா பாட்டிக்கு அதுவே போதும்.

மலேசிய வருமான வரியில் கைப்பேசி வாங்கிய செலவும் இணையக் கட்டணமும் 2,500 ரிங்கிட் வரையிலான வாழ்க்கைமுறைக் கழிவில் அடங்கும். 2024ஆம் வரி ஆண்டிலிருந்து விளையாட்டுக் கருவிகளுக்கும் பயிற்சிக்கூடக் கட்டணத்துக்கும் 1,000 ரிங்கிட் வரை தனிக் கழிவு உண்டு. ஆகவே வீட்டில் செய்பவர் ஒரு ஜோடி எடைக்கட்டையோ இழுவைப் பட்டையோ வாங்கினால் ரசீதைப் பத்திரப்படுத்துவது நல்லது.